நேற்று முடிந்ததா, முடியாமல் போனதா? ஆங்கில 'குட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை சயானில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தாராவி, அன்டாப் ஹில், செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். வேலைக்குப் போகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் உண்டு. ஓரிரண்டு அம்மாக்களும் வருவார்கள். ஒவ்வொரு அணியும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது: 'முடிந்தது', 'முடியவில்லை', 'போயிருக்கலாம்', 'வந்திருப்பான்'. இவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் நாக்கு நின்றுவிடுகிறது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை நோட்டில் குறித்துவைத்திருந்தேன். அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கீழே 'குட்' என்று எழுதியிருப்பதெல்லாம் 'கேன்' என்பதன் இறந்தகால வடிவம். 'குட் மார்னிங்'கில் வரும் குட் அல்ல.

"அக்கா, கேனுக்கு பாஸ்ட் டென்ஸ் குட். அவ்வளவுதானே? இதுல என்ன குழப்பம்?"

பாதி சரி. 'கோ' என்பதற்கு 'வென்ட்' இறந்தகாலம். போட்டால் போனது போனதுதான். 'குட்' அப்படி இல்லை. அது இறந்தகாலத் திறமையையும் சொல்லும், நடக்காமல் போனதையும் சொல்லும், நடந்ததா என்றே தெரியாததையும் சொல்லும். 'குட் யூ ஹெல்ப் மீ?' என்று இப்போதே உதவி கேட்கவும் அதே சொல்தான்.

அதனால் வாய் திறக்கும் முன் மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: அந்தக் காரியம் நடந்ததா, நடக்கவில்லையா, நடந்ததா என்றே தெரியாதா? தமிழில் பேசும்போது இதை யோசிக்கவே வேண்டாம், வினைமுற்றும் பேச்சின் சூழலும் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதற்கு விடை தெரிந்த பிறகுதான் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும். இந்தப் பக்கம் முழுக்க இதே கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

"சின்ன வயசுலயே எனக்கு நீச்சல் தெரியும்னு சொல்லணும். தெரியும்னா 'நோ' போடணுமா?"

அறிதலைச் சொல்லும் அந்த 'நோ' இங்கே வேண்டாம். 'ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் சிக்ஸ்' என்றால் போதும். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வாக்கியத்தைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு காலத்தில், எப்போது வேண்டுமானாலும் செய்யும் திறமை இருந்தது என்றால் 'குட்' கச்சிதமாகப் பொருந்தும். படிக்கத் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும், ஓலை முடையத் தெரியும், எல்லாவற்றுக்கும் இதுவே.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 'கேன்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'அறிதல்' என்றுதான் பொருள். நாம் 'நீந்தத் தெரியும்' என்று சொல்வதைப் போலவேதான் அவர்களும் ஆரம்பித்திருக்கிறார்கள். 'குட்' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத ஓர் 'எல்' இருக்கிறதே, அது ஆதியில் கிடையாது. 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் இருந்த எல்லைப் பார்த்து, பிற்காலத்தில் இதிலும் சேர்த்துவிட்டார்கள். அதனால் அதை உச்சரிக்க வேண்டாம்.

"நேத்து ஓடிப்போய் 8.12 ஸ்லோ ட்ரெயினைப் பிடிச்சேன். 'ஐ குட் கேட்ச் த ட்ரெயின்'னு சொன்னா ஏன் தப்புங்கிறீங்க?"

தமிழில் 'பிடிக்க முடிந்தது' என்றால் பிடித்தாயிற்று. கேட்பவருக்குச் சந்தேகமே வராது. ஆங்கில 'குட்' திறமை இருந்தது, வாய்ப்பு இருந்தது என்பதோடு நின்றுவிடும். காரியம் நடந்ததா என்று சொல்லாது. ஒரே ஒரு தடவை, ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்து முடிந்ததைச் சொல்ல வேறு சொல் வேண்டும்: 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த ட்ரெயின்'. கஷ்டப்பட்டுப் பிடித்தீர்கள் என்றால் 'ஐ மேனேஜ்ட் டு கேட்ச் இட்'. ஒன்றுமே வேண்டாம் என்றால் 'ஐ காட் த ட்ரெயின்', அதாவது பிடித்தேன். பல சமயம் இந்தக் கடைசி வாக்கியம்தான் அழகு.

மும்பையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் இந்தியை வைத்தே விளக்குவேன், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 'பகட் சக்தா தா' என்று ஒரு பையன் சொன்னால், அவனால் பிடித்திருக்க முடியும், ஆனால் பிடிக்கவில்லை போல என்றுதான் காதில் விழும். 'பகட் பாயா' என்றால் பிடித்தேவிட்டான். 'வாஸ் ஏபிள் டு' அந்தப் 'பாயா'வுக்கு இணை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி என்று வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே காதில் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

"அப்போ பிடிக்க முடியலைன்னா? அதுக்கும் வாஸ் நாட் ஏபிள் டுதானா?"

இரண்டும் சரி. 'ஐ குடன்ட் கேட்ச் த ட்ரெயின்' என்று தாராளமாகச் சொல்லலாம். முடியாது என்றால் நடக்கவும் இல்லை. திறமைக்கும் நடப்புக்கும் நடுவே இடைவெளியே இல்லாததால், முந்தைய பதிலில் சொன்ன சிக்கல் இங்கே எழாது. 'ஹார்ட்லி', 'ஒன்லி' போன்ற சொற்கள் வந்தாலும் இதே கதைதான்: 'ஐ குட் ஹார்ட்லி ஸ்டாண்ட்', கூட்டத்தில் நிற்கவே முடியவில்லை.

"'ஐ குடன்ட் ஏபிள் டு கம்'னு மெயில் அனுப்பினேன். மேனேஜர் எல்லார் முன்னாடியும் திருத்திட்டாரு. எங்க தப்பு?"

இந்தத் தப்பைச் செய்யாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் மனசு விட வேண்டாம். 'குட்' என்றாலே முடிந்தது. 'ஏபிள்' என்றாலும் முடிந்தது. 'என்னால் முடிய முடியவில்லை' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. ஒன்றை எடுத்துவிடுங்கள்: 'ஐ குடன்ட் கம்' அல்லது 'ஐ வாஸன்ட் ஏபிள் டு கம்'.

'டிட் நாட் ஏபிள் டு' என்பதும் இதே வகைப் பிழை. 'ஏபிள்' வினைச்சொல் அல்ல, பெயரடை. 'டயர்ட்', 'ஹேப்பி' போல அதற்கு முன்னால் 'வாஸ்' அல்லது 'வேர்' வர வேண்டும். 'டிட் நாட் ஹேப்பி' என்று யாரும் சொல்வதில்லையே, அதே கணக்கு.

"ஒரு கதையில 'ஐ குட் ஹியர் த ரெயின்'னு இருந்துச்சு. அது ஒரே ஒரு ராத்திரி நடந்தது. நீங்க சொன்ன ரூலுக்கு எதிரா இருக்கே?"

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பார்ப்பது, கேட்பது, மணப்பது, சுவைப்பது, உணர்வது ஆகிய ஐம்புலன் வினைகளுக்கு விலக்கு உண்டு. புரிவது, நினைவிருப்பது இரண்டும் இதில் சேரும். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்றால் 'ஐ குட் ஹியர் த ரெயின்'தான். தமிழில் இங்கே 'முடிந்தது' என்று சொல்லவே மாட்டோம். 'கேட்டது', 'தெரிந்தது' என்போம். மொழிபெயர்ப்பில் 'மழையைக் கேட்க முடிந்தது' என்று படிக்கும்போது காது கூசுவது இதனால்தான்.

"இன்டர்வியூவுல 'ஐ குட் ரெட்யூஸ் கம்ப்ளெயின்ட்ஸ்'னு சொன்னேன். அவங்க முகம் மாறிடுச்சு. ஏன்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கூரியர் அலுவலகத்தில் மூன்று வருடம் உழைத்தவர். வாடிக்கையாளர் புகார்களை உண்மையிலேயே குறைத்தவர். 'என்னால் புகார்களைக் குறைக்க முடிந்தது' என்பதைத்தான் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் 'ஸோ, டிட் யூ?' என்று கேட்டாராம். சரி, குறைத்தீர்களா என்று அர்த்தம். இவருக்கு ஏன் அந்தக் கேள்வி என்றே புரியவில்லை. செய்து முடித்த வேலையை, செய்யக்கூடிய வேலையாகச் சொல்லிவிட்டார்.

வேலை தேடுகிற எல்லோரையும் இந்த இடத்தில் நிறுத்திப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் சாதனைகளைச் சொல்லும்போது 'குட்' வேண்டாம். 'ஐ ரெட்யூஸ்ட் கம்ப்ளெயின்ட்ஸ்' என்று நேரடியாகச் சொல்லுங்கள். தடைகளைத் தாண்டிச் செய்தீர்கள் என்று காட்ட வேண்டுமா, 'வீ வேர் ஏபிள் டு' அல்லது 'ஐ மேனேஜ்ட் டு' சொல்லுங்கள். நம் பிள்ளைகள் அடக்கமாகப் பேச நினைத்து 'முடிந்தது' என்கிறார்கள். அந்த அடக்கம் ஆங்கிலத்தில் போய்ச் சேராது, உழைப்பே இல்லாததுபோல ஆகிவிடும். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

"குட் ஹேவ்னு வருதே, ஹேவ்னா வச்சிருக்கறதுதானே? அது ஏன் இங்க வருது?"

இங்கே அதற்கு அந்தப் பொருள் இல்லை. நம் 'போயிருக்கலாம்' என்பதில் 'இரு' எப்படி உட்கார்ந்திருக்கிறதோ, அப்படித்தான் இந்த 'ஹேவ்'. 'போய்' கூட்டல் 'இரு' கூட்டல் 'க்கலாம்'. ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ்: 'குட்', பிறகு 'ஹேவ்', பிறகு வினையின் மூன்றாவது வடிவம். 'கோ, வென்ட், கான்' என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதில் மூன்றாவது: 'குட் ஹேவ் கான்'.

அவன், அவள் என்று வந்தாலும் 'ஹேஸ்' ஆகாது. 'ஹீ குட் ஹேவ்'தான். வேகமாகப் பேசும்போது 'குடவ்' என்று ஒட்டிக் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பி 'குட் ஆஃப்' என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்கிற பிழை அது.

"'அவன் போயிருக்கலாம்'னா மைட் ஹேவா, குட் ஹேவா? ரெண்டுமே சரின்னா எப்ப எது?"

முதலில் நம் வாக்கியத்தையே பிரித்துப் பார்ப்போம். 'ஆளைக் காணோமே, தாதருக்குப் போயிருக்கலாம்' என்றால் போனானா என்று தெரியாது. 'டிக்கெட் கையிலேயே இருந்தது, போயிருக்கலாம், போகாமல் விட்டான்' என்றால் போகவில்லை என்று உறுதியாகத் தெரியும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அக்கம்பக்க வாக்கியம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது.

முதலாவதற்கு 'ஹீ மைட் ஹேவ் கான் டு தாதர்' என்று சொல்லப் பழகுங்கள். 'குட் ஹேவ்' போட்டாலும் தப்பில்லை, ஆனால் கேட்பவருக்கு இரண்டு பொருளும் தோன்றலாம். இரண்டாவதற்கு 'ஹீ குட் ஹேவ் கான்'. வாய்ப்பு இருந்தது, நழுவியது என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. 'ஒரு போன் பண்ணியிருக்கலாமே!' என்று வீட்டில் கோபித்துக்கொள்வோமே, அதுவும் இதுதான்: 'யூ குட் ஹேவ் கால்ட்!' இங்கே 'யூ மைட் ஹேவ் கால்ட்' என்று சொல்வதும் உண்டு. குரலின் கோபத்தை வைத்துப் பிரித்தறிய வேண்டியதுதான்.

"ஒரே கதையில எல்லாத்தையும் வச்சுக் காட்டுங்க அக்கா. தனித்தனி வாக்கியம் மண்டையில நிக்கல."

2005 ஜூலை 26. சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. லோக்கல் ரயில் நின்றுபோனது. நான் அப்போது அந்தேரியில் வேலை பார்த்தேன், வீடு சயானில். அன்று இரவு வீடு போய்ச் சேர முடியவில்லை: 'ஐ குடன்ட் கெட் ஹோம் தட் நைட்'. எதிர்மறை, ஆகவே 'குடன்ட்' போதும். நடக்கத் தொடங்கினேன். இருட்டில் ஜனங்கள் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது: 'ஐ குட் ஹியர் பீப்பிள் காலிங் அவுட்'. இது ஐம்புலன் விலக்கு. சாக்கிநாக்காவில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மாடியில் இடம் கொடுத்தது. மறுநாள் மத்தியானம்தான் வீடு சேர்ந்தேன்: 'ஐ வாஸ் ஏபிள் டு ரீச் ஹோம் த நெக்ஸ்ட் ஆஃப்டர்நூன்'. ஒரு தடவை, நடந்து முடிந்தது.

அலுவலகத்திலேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை: 'ஐ குட் ஹேவ் ஸ்டேட் இன் த ஆஃபீஸ்'. போன் கிடைக்காமல் அம்மா இரவெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தார், நான் வெள்ளத்தில் போயிருப்பேனோ என்று: 'மை மதர் தாட் ஐ மைட் ஹேவ் ட்ரவுண்ட்'. அம்மாவுக்கு அப்போது தெரியாது, அதனால் 'மைட் ஹேவ்'. அன்று நகரில் பலர் உயிரிழந்தார்கள். அதில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம்: 'இட் குட் ஹேவ் பீன் மீ'. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன பிறகு, அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த நாளைக் கேட்டு ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொல்வேன். அநேகமாக யாரும் தப்பாக எழுதி வருவதில்லை.

"'வந்திருக்கணும்', 'வந்திருப்பான்' இதுக்கெல்லாம் என்ன போடறது?"

'செருப்பு வாசலில் கிடக்கிறது, வந்திருக்கணும்' என்பது அடையாளத்தைப் பார்த்துச் செய்யும் ஊகம்: 'ஹீ மஸ்ட் ஹேவ் கம்'. 'ஒன்பது மணிக்கே வந்திருக்கணும், இன்னும் காணோம்' என்பது கடமை தவறியது: 'ஹீ ஷுட் ஹேவ் கம்'. நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு இரண்டு. முதல் கேள்விக்கான பதிலில் சொன்னதைக் கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்: வந்துவிட்டான் என்று நம்புகிறீர்களா, வரவில்லை என்று தெரியுமா?

'வந்திருப்பான்' இன்னும் வழுக்கும். 'இந்நேரம் வந்திருப்பான்' என்றால் 'மஸ்ட் ஹேவ்'. 'கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான்' என்றால் 'வுட் ஹேவ்'. முன்னால் ஒரு 'இருந்தால்' ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த 'இருந்தால்' வாக்கியத்தில் வந்திருக்க முடியும் என்று சொல்ல வேண்டுமானால் 'குட் ஹேவ்': 'இஃப் யூ ஹேட் கால்ட், ஹீ குட் ஹேவ் கம்'.

"மஸ்ட் ஹேவ்க்கு எதிர்ப்பதம் மஸ்ட் நாட் ஹேவ்தானே?"

அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வதுண்டு. நம் பாடப்புத்தகங்கள் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில் 'கான்ட் ஹேவ்' அல்லது 'குடன்ட் ஹேவ்'. 'அவன் எடுத்திருக்கவே முடியாது, அன்று ஊரிலேயே இல்லை' என்பதற்கு 'ஹீ கான்ட் ஹேவ் டேக்கன் இட்'. 'எடுக்காமல் இருந்திருக்கலாம்' என்ற தயக்கத்துக்கு 'ஹீ மைட் நாட் ஹேவ் டேக்கன் இட்'. ஒருவர்மேல் பழி விழுகிற நேரத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. நண்பனுக்காகப் பேசப் போய் 'மைட் நாட் ஹேவ்' என்று சொன்னால் பாதிச் சந்தேகத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"கான்ட் ஹேவ் உண்டுன்னா கேன் ஹேவும் உண்டா?"

'ஹீ கேன் ஹேவ் கான்' என்று உறுதி வாக்கியமாகச் சொல்ல மாட்டார்கள். கேள்வியில் வரும்: 'வேர் கேன் ஹீ ஹேவ் கான்?' எங்கேதான் போயிருப்பான் என்ற தவிப்பு அது.

"மே ஹேவும் மைட் ஹேவும் ஒண்ணுதான்னு படிச்சேன். நிஜமா?"

தெரியாத விஷயத்தை ஊகிக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஜுஹு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். 'த பாய் மே ஹேவ் ட்ரவுண்ட்' என்றால் பையனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கரைக்குத் தூக்கிவந்து காப்பாற்றிய பிறகு, 'நல்லவேளை, மூழ்கியிருப்பான்' என்று பெருமூச்சு விடுவோமே, அதற்கு 'ஹீ மைட் ஹேவ் ட்ரவுண்ட்' அல்லது 'குட் ஹேவ்'. அங்கே 'மே ஹேவ்' போடுகிறவர்கள் ஆங்கில நாடுகளிலேயே உண்டு, ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். பெற்றவளுக்கு அனுப்பும் செய்தியில் இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய வேறுபாடு என்று யோசித்துப் பாருங்கள்.

"ஸ்கூல் படிக்கும்போது அப்பா என்னை வெளிய விளையாட விடுவாரு. அதுக்கும் குட் வருமா?"

வரும். 'வீ குட் ப்ளே அவுட்சைட் டில் செவன்', எப்போதும் இருந்த அனுமதி. ஒரே ஒரு நாள் மட்டும் விட்டார் என்றால் 'ஐ வாஸ் அலவ்ட் டு'. 8.12 ரயில் பதிலில் சொன்ன அதே காரணம்.

"ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்க மேடம் 'ஐ குடன்ட் ஹேவ் பீன் ஹேப்பியர்'னு சொன்னாங்க. நான் மார்க் வாங்கியும் அவங்களுக்குச் சந்தோஷம் இல்லையான்னு வீட்டுக்கு வந்து அழுதேன்."

அழ வேண்டிய வாக்கியமே இல்லை அது. 'ஹேப்பி' அல்ல, 'ஹேப்பியர்'. கடைசியில் வரும் 'யர்' என்ற சத்தத்தைக் கவனியுங்கள். 'இதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருக்க முடியாது' என்கிறார். சந்தோஷம் உச்சியைத் தொட்டுவிட்டது, மேலே இடமில்லை. நாம் 'இதைவிட என்ன வேணும்!' என்று சொல்வதுதான்.

அந்தப் பெண்ணை அன்றே அந்த மேடத்துக்குப் போன் போடச் சொன்னேன். என்ன பேசுவது என்று கேட்டாள். 'ஐ குடன்ட் ஹேவ் டன் இட் விதவுட் யூ' என்று எழுதிக் கொடுத்தேன்: நீங்கள் இல்லாமல் என்னால் இதைச் செய்திருக்க முடியாது. மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை தாளைப் பார்க்காமல் போனில் சொன்னாள்.